ஓடாத மூங்கில்

“சீக்கிரம் வளர்றது வேணுமா... இருந்த எடத்துலயே இருக்கறது வேணுமா?”

மழையோடு மழையாக கோவில்பத்து நர்சரிக்குள் நுழைந்தவனிடம் தமிழரசி கேட்ட முதல் கேள்வி அது. ஹெல்மெட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவன் விழித்தான்.

“கொல்லை வேலிக்கு மூங்கில்தாங்க கேட்டேன்...”

“அதுக்குத்தான் கேக்குறேன். ஒரு ஜாதி மண்ணுக்குள்ள ஓடும். மதிலுக்கு அடியில பூந்து அடுத்த வீட்டுல முளைக்கும். இன்னொண்ணு கொத்து மூங்கில். மெதுவாத்தான் வளரும், எல்லை தாண்டாது.”

இரண்டு பைகளைச் சாய்த்து வேரைக் காட்டினாள். ஒன்றில் கயிறு போல நீண்டு பையைச் சுற்றி ஓடிய வேர். மற்றதில் குட்டையாய், நெருக்கமாய் ஒரு முடிச்சு.

“டீச்சருங்களா?”

“பி.எஸ்சி. அக்ரி. எங்க வீட்டுல மொத டிகிரி. போதுமா சார்?”

அவன் சிரித்தான். பாழாய்ப்போன கண்கள்... நனைந்த இமைகளோடு அவை சிரித்தபோது அவளுக்குக் கோபம் வந்தது. எதற்கும் முதலில் கோபம்தான் வரும் அவளுக்கு.

பெயர் அம்பலவாணன். ஊர் கோட்டுச்சேரி. எட்டடி உயர வேலிக்குக் கொத்து மூங்கிலே பன்னிரண்டு போதும் என்றான். நடும் இடத்தை அளவெடுக்க வழக்கமாக முதலாளிதான் போவார். மறுநாள் அவள் போனாள்... ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

டேப்பின் ஒரு முனை அவனிடம், மறுமுனை அவளிடம். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. ஈரக் கூந்தல், மஞ்சள் பூசிய கன்னம்.

“அத்தான்... எங்கள மறைக்கவா இவ்ளோ ஏற்பாடு?”

“ஆமா வெண்மதி. ஒன் மூஞ்சியப் பாத்தாலே பயமா இருக்குல்ல!”

வெண்மதி கலகலவென்று சிரித்தாள். அவள் கொல்லை நிறையக் கனகாம்பரம். தலை நிறையவும்.

அத்தான்! மாமன் மகளாய்ப் பிறந்ததற்கே அவளுக்குச் சும்மா கிடைத்த சொல்... எத்தனை பரீட்சை எழுதினால் தனக்கு அது கிடைக்கும்? நெஞ்சு எரிந்தது. தமிழரசி டேப்பை விட்டாள். சர்ரென்று சுருண்டு அவன் விரலில் அடித்தது.

“ஸ்ஸ்... என்னங்க!”

“அளவெடுத்தாச்சு சார்.”

அடுத்த நாள் அவன் குட்டியானை வண்டியோடு வந்தபோது, பன்னிரண்டு பைகளையும் அவளே ஏற்றினாள். பன்னிரண்டும் ஓடுகிற மூங்கில். ஓடட்டும்... மதிலுக்கு அடியில் போய் அந்தக் கனகாம்பரத்தையெல்லாம் கிளப்பி எறியட்டும்!

சாயங்காலம் வரை இனித்தது. வீட்டுக்குப் போகும் அம்பகரத்தூர் பஸ் திருநள்ளாறு தாண்டுவதற்குள் கசந்துவிட்டது. அப்பா கூலிக்கு நாற்று பறித்துப் படிக்க வைத்தது இதற்கா... செடியில் பொய் சொல்லவா?

மறுநாள் காலை, தூறலில் அவன் வீட்டுக் கொல்லையில் நின்றாள். பன்னிரண்டு பைகளும் நடாமல் வரிசையாக இருந்தன.

“சார்... செடிய மாத்திக் குடுத்துட்டேன். திருப்பிக் குடுங்க.”

“தெரியும். பையச் சாய்ச்சு வேரப் பாத்தேன். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?”

“அப்ப ஏன் போன் பண்ணல?”

“பண்ணா போன்லயே முடிஞ்சிருக்கும்.” அவன் குரல் தாழ்ந்தது. “தெரியாம மாத்துற ஆளு இல்ல நீங்க. ஏன் மாத்துனீங்க?”

கை தவறிவிட்டது என்று சொல்லலாம். ஒரு பொய்யைச் சுமந்துகொண்டுதான் இவ்வளவு தூரம் வந்திருந்தாள்... இன்னொன்றுக்கு இடமில்லை.

“பொறாம! போதுமா? அவ அத்தான்னா எனக்கு எரியுது. அவ பூச்செடியெல்லாம் அழியணும்னு நெனச்சேன். நான் அப்படிப்பட்டவதான். செடியக் குடுங்க, போறேன்.”

அவன் பையைத் தொடவில்லை. அவளையே பார்த்தான்.

“வெண்மதிய எனக்குக் கட்டி வைக்கப் பேசுனாங்க. ரெண்டு பேருமே வேணாம்னுட்டோம். அன்னிலேருந்து எங்கம்மாவும் மாமாவும் மதில்ல நின்னு தெனம் சண்டை. அதுக்குத்தாங்க வேலி.”

“அப்ப அந்த அத்தான்...?”

“மொறைங்க. வாயில தானா வந்துரும்.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தூறல் வலுத்தது. அவன் ஒரு அடி முன்னால் வந்தான்.

“மொத நாளே கேட்டீங்க... இருந்த எடத்துலயே இருக்கறது வேணுமான்னு. வேணுங்க. எனக்கு நீங்க வேணும். எங்கயும் ஓடமாட்டேன்.”

இமை நுனியில் நின்ற துளி மழையா, வேறா... அவளுக்கே தெரியவில்லை. முதல் முறையாகக் கோபம் வரவில்லை.

“எனக்கும்...” என்றாள்.

மதிலுக்கு மேல் ஈரக் கூந்தல் எட்டிப் பார்த்தது.

“அத்தான்... யாரு வந்திருக்கா?”

“வேலி எட்டடி பத்தாது,” என்றாள் தமிழரசி, பல்லைக் கடித்துக்கொண்டு. “பன்னெண்டடி வளர்ற கொத்தா எடுத்துட்டு வரேன்.”