ஈறில் கசிந்த ரத்தம்

1986 ஜூலை. காலை 6.10. கொடைக்கானல் மலையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. சிறுநீரக வார்டில் பக்கத்து மலைக் கிராமமான போளூரின் விவசாயி வேலப்பன் இறந்து கிடந்தார். தலையணை முழுக்க ரத்தம்.

"கெழங்குக் கொட்டகை எலியாட்டம் ரத்தங் கக்கிப் போய்ட்டீகளே!" மனைவி காளியாயி தலையிலடித்துக்கொண்டாள்.

8.30. இன்ஸ்பெக்டர் ஞானவேல் வந்தார். இறந்தவரின் அண்ணன் சின்னச்சாமி வாசலில் கத்தினார். "அந்தப் புது மிஷின்தான் எந் தம்பியக் கொன்னுச்சு! இழுத்துப் பூட்டுங்க!"

ஞானவேல் மிஷின் அறையைப் பூட்டினார். ஆனால் அந்த மிஷின் ஓடாவிட்டால், அடுத்த கட்டிலில் அதே நோயோடு கிடக்கும் இளம்பெண் வேலுத்தாய் பிழைக்க மாட்டாள்.

"டயாலிசிஸ் மிஷினுக்கும் இந்தப் புது மிஷினுக்கும் என்ன வித்தியாசம், டாக்டர்?"

"கிருமிய எதிர்க்க வேண்டிய உடம்போட காவல் புரதமே கிட்னியையும் நுரையீரலையும் தாக்குற நோய் இது," என்றார் டாக்டர் தங்கமுத்து. "டயாலிசிஸ் நுண்ணிய சல்லடை. சின்னக் கழிவுதான் இறங்கும். பெரிய புரதம் தங்கிடும். புது மிஷின் ரத்தத்தோட நீரையே, அதாவது பிளாஸ்மாவையே எடுத்துடும். பதிலுக்கு நல்ல ஆளோட பிளாஸ்மா ஏத்துவோம். ரத்தத்தை உறைய வைக்கிற சத்தும் அதுலதான் இருக்கு."

"ரத்தம் எங்க வந்துச்சு?"

"இருமும்போது வந்துச்சு. ஈறுலயும் கசிஞ்சுது. டயாலிசிஸ்ல ரத்தம் உறையாம இருக்கக் குடுக்குற மருந்தாலன்னு நெனச்சேன்."

"அந்த மருந்து எவ்வளவு நேரம் வேலை செய்யும்?"

"சில மணி நேரம்தான். கசிவு நாள்கணக்கா இருந்துச்சே..." டாக்டரின் குரல் இறங்கியது. "பிளாஸ்மா மாத்தினதும் கசிவு நின்னுச்சு. மறுநாளே அண்ணன் தடுத்துட்டார். வேத்து ஆள் பிளாஸ்மா எங்க சனத்துக்கு ஆகாதுன்னார்."

காளியாயி விம்மினாள். "ஊருக்குப் போனதும் நெலத்தப் பங்கு பிரிக்கணும்னாருங்க எம் புருசன். மூத்தாரு அத மனசுல வச்சுக்கல. தெனம் வெள்ளனே கூழு கொண்டாந்து ஊட்டுவாரு."

"மொத வாரம் ரத்தம் ஏத்துனாங்களா?"

"ஏத்துனாங்க. மூத்தாருதான் பஸ் ஸ்டாண்டுல ஆள் புடிச்சாந்தாரு."

11.00. ஞானவேல் சின்னச்சாமியின் எதிரில் நின்றார்.

"வேத்து ரத்தம் ஆகும். பிளாஸ்மா மட்டும் ஆகாதா?"

சின்னச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இந்த நோய் ஈறத் தொடாது. ஈறு கசிஞ்சா ரத்தம் உறையலன்னு அர்த்தம். உங்க கொட்டகை எலி மருந்து செய்யுறதும் அதுதான். அதத்தான் நீ கூழுல கலந்த. டயாலிசிஸ்ல கசிவு நிக்கல, நீ வாயத் தொறக்கல. பிளாஸ்மா ஏறுனதும் நின்னுச்சு, உடனே சாதி சனம் பேசுன. ரெண்டு வைத்தியத்தையும் டாக்டர விட உன்னிப்பா ஒப்பிட்டது நீதான்."

சின்னச்சாமி தரையைப் பார்த்தார். "எலின்னா நாலு நாள்ல போயிரும்," என்று முனகினார். "இவன் சாகவே மாட்டேன்னான்."

"அந்த மிஷின் வேணாம்னு மூத்தாரு சொன்னப்ப நானுந் தலையாட்டுனேனே..." காளியாயி சுவரோடு சரிந்தாள்.

ஞானவேல் சாவியை டாக்டரிடம் நீட்டினார். "அந்தப் புள்ளைக்கு வெரசா ஆரம்பிங்க."