பாதிக்கப்படாதோர் கருத்து

காலை ஏழு மணிக்குச் செவிமணி காதுக்குள் கிணுகிணுத்தபோது சோணைமுத்து பல் விளக்கிக்கொண்டிருந்தார். அவசர அவசரமாக வாயைக் கொப்பளித்துத் துப்பினார். வாய் நிறைய நுரையோடு கருத்துச் சொன்னால் கருத்துமானி அதைத் 'தெளிவற்றது' என்று ஒதுக்கிவிடும். அந்த அவமானம் அவருக்கு இதுவரை நேர்ந்ததில்லை.

"வணக்கம். இன்றைய தொழில்நுட்பச் செய்தி" என்றது செவிமணி. "ஆளை ஒருமுறை பார்த்தே அளவெடுத்து, ஒரு மணி நேரத்தில் துணி தைத்துத் தரும் தையற்பொறி வந்துள்ளது. மேலச்சுனைக்கு இது வரலாமா? பாதிக்கப்படாதோர் நண்பகல் வரை கருத்துச் சொல்லலாம்."

"வரட்டும்" என்றார் சோணைமுத்து. "தீவாளிக்குக் குடுத்த சட்டையப் பொங்கலுக்குத் தர்றவுகளுக்கு இதுதேன் சரி. கேட்டா கரண்டு இல்லம்பாய்ங்க, கை வலிம்பாய்ங்க. பொறிக்குக் கை வலிக்குமா?"

"மிகத் தெளிவான கருத்து. எடைபோடப்பட்டது. நன்றி."

எதிர்வீட்டு ரஜியா பேகம் இருபது வருடமாக வீட்டிலேயே தைத்துப் பிழைப்பவள். வாசலில் நின்றவள் காதில் எல்லாம் விழுந்தது. சோணைமுத்து அசடு வழியச் சிரித்து, "ஒன்னயச் சொல்லலம்மா, பொதுவாச் சொன்னேன்" என்றார். அடுத்த மாதமே கடைத்தெருவில் தையற்பொறி வந்து உட்கார்ந்தது. ரஜியாவின் மெஷின் மூலையில் துணி போட்டு மூடப்பட்டது.

நாட்டில் முன்பெல்லாம் இப்படி இல்லை. புதுப் பொறி ஒன்று வந்தால் டீக்கடையிலும் பேருந்திலும் சலூனிலும் ஆளாளுக்கு அபிப்பிராயம் சொல்வார்கள், கேட்பாரில்லை. பொறி பாட்டுக்கு வரும், ஆள் பாட்டுக்கு வீட்டுக்குப் போவான். பிறகுதான் ஒரு நல்ல சட்டம் வந்தது. ஊரின் கருத்தைக் கேட்காமல் எந்தப் பொறியும் ஊருக்குள் வரக்கூடாது. ஒவ்வொரு காதிலும் ஒரு செவிமணி, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கருத்துமானி. சொல்லைக் கேட்டு, குரலின் உறுதியையும் அளந்து, கூட்டிக் கழித்து ஊரின் முடிவை அது சொல்லிவிடும். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். எந்தப் பொறியால் யாருடைய பிழைப்புப் போகிறதோ அவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் அதைப் பற்றிச் சொல்வது எடைபோடப்படாது. தன் வழக்குக்குத் தானே தீர்ப்புச் சொல்வது நியாயமா என்று கேட்டார்கள். ஊரே தலையாட்டியது.

அதன் பலன் என்னவென்றால், நடத்துனர்களின் தலையெழுத்தை நடத்துனர் தவிர மற்ற எல்லாரும் எழுதினார்கள். வங்கிக் குமாஸ்தாக்களின் தலையெழுத்தை, அவர்கள் சாப்பாட்டு நேரத்தில் வரிசையில் நின்றுநின்று வயிறெரிந்தவர்கள் எழுதினார்கள். எந்தத் தொழில்காரன் மீதுதான் ஊருக்குள் நாலு பேருக்குக் கடுப்பு இல்லை? சில்லறை தராத நடத்துனர் ஒருவனை மனதில் வைத்துக்கொண்டு எல்லா நடத்துனரையும் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். பந்தல் போடுவதற்கு மட்டும் இன்னும் பொறி வரவில்லை. கல்யாண வீட்டுக்காரர்களுக்குத் திட்டித் தீர்க்க ஓர் ஆள் வேண்டியிருந்ததால் பந்தல்காரர் சோணைமுத்து தப்பித்திருந்தார். 'மேலச்சுனையின் தெளிவான கருத்தாளர்' என்று மானி தந்த பட்டயத்தைக் கூடத்தில், சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தார்.

அவருடைய ஒரே மகள் அங்கயற்செல்வி ஊர் அரசு மருத்துவமனையில் நர்சு. தீக்காய வார்டு வேண்டாம் என்று மற்றவர்கள் ஒதுங்கியபோது தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டவள். வெந்த தோலிலிருந்து துணியைப் பிரிக்கும்போது நோயாளியிடம் அவன் ஊர்க்கதை, மாட்டுக்கதை என்று எதையாவது கேட்டுப் பேசவைத்துக்கொண்டே பிரிப்பாள். மகள் வீதியில் நடந்து வருவதைப் பார்த்தாலே சோணைமுத்துவுக்கு நெஞ்சு நிமிர்ந்துகொள்ளும்.

ஒரு நாள் காலை அவள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். செவிமணி ஒலித்தது.

"இன்றைய செய்தி. ஊசி போட, மருந்து தர, புண்ணுக்குக் கட்டு மாற்ற, உறங்காமல் காவல் இருக்கத் தாதிப்பொறி வந்துள்ளது. மேலச்சுனைக்கு இது வரலாமா?" சோணைமுத்து வாயைத் திறப்பதற்குள் அது தொடர்ந்தது. "இச்செய்தி உங்கள் குடும்பத்தைப் பாதிப்பதால் உங்கள் கருத்து எடைபோடப்படாது. அமைதி காத்தமைக்கு நன்றி."

அங்கயற்செல்வி ஒற்றைச் செருப்போடு நின்றாள். அவள் காதிலும் அதேதான் ஒலித்திருந்தது. சோணைமுத்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். நண்பகலுக்குள் எத்தனை வீட்டுக் கதவைத் தட்ட முடியுமோ அத்தனையும் தட்டுவதென்று முடிவு செய்தார்.

முதலில் எதிர்வீடு. ரஜியா அவரை உள்ளே கூப்பிடவில்லை.

"வேணாம்னுதேன் சொல்லுவேண்ணே" என்றாள். "எங்க அத்தா கால் வெந்து கெடந்தப்ப ஒங்க மகதேன் பாத்துச்சு. அந்தப் புள்ளைக்காகச் சொல்றேன். ஒங்களுக்காக இல்ல."

அதற்கு மேல் அங்கே நிற்க அவருக்கு முகம் இல்லை. பக்கத்து வீட்டுத் தவசிலிங்கம், தொடக்கப்பள்ளி வாத்தியார், இருபது வருடச் சிநேகம். அவர் கட்டாயம் கைகொடுப்பார் என்று நம்பிப் போனார்.

"மனசுல உள்ளதச் சொல்லணும்ல சோணை" என்றார் வாத்தியார். "எங்கம்மா கடைசிக் காலத்துல தண்ணி தண்ணின்னு கத்துச்சு. ஒரு நர்சு எட்டிப் பாக்கல. செல்லுல சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தாய்ங்க. பொறின்னா கூப்பிட்ட ஒடனே வரும்ல? வரட்டும்னு சொல்லிட்டேன்."

"எம் மகளுமாய்யா அப்பிடி?"

"ஒம் மகளச் சொல்லுவனா? நான் பொதுவாச் சொன்னேன்யா."

போன வீடெல்லாம் இதே கதை. ஒருவருக்கும் அங்கயற்செல்வி மீது குறை இல்லை. எல்லாருக்கும் எங்கோ ஒரு நர்சு மீது கோபம். வெயிலில் நாக்குத் தள்ள அவர் வீடு திரும்பியபோது மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. தாதிப்பொறி வரலாம் என்று மேலச்சுனை முடிவு செய்துவிட்டதாகச் செவிமணி இனிமையாகத் தெரிவித்தது. நர்சுகளுக்கு அந்த மாதக் கடைசிவரை தவணை.

சோணைமுத்து அன்று சாப்பிடவில்லை. ஊர்க்காரர்களை நன்றி கெட்டவர்கள், பொறாமை பிடித்தவர்கள் என்று நாள் முழுக்கத் திட்டினார். தவசி வாத்தியாரைத் திட்டியது எல்லாவற்றையும்விட அதிகம். அங்கயற்செல்வி மட்டும் அழாமல், திட்டாமல், கருத்துச் சட்டத்தை முதலிலிருந்து படித்தாள். படித்து முடித்து நிமிர்ந்தாள்.

"அப்பா, தொடர்ந்து ஏழு நாளு ஊருல ஒருத்தருமே கருத்துச் சொல்ல வாயத் தொறக்கலைன்னா மானிய எடுத்துருவாகளாம். கடைசியா எடுத்த முடிவும் செல்லாதாம்."

"ஏழு நாளா? இந்த ஊரா, ஆத்தா?" என்று சிரித்துவிட்டார் சோணைமுத்து. சட்டம் எழுதியவர்களும் அப்படிச் சிரித்துக்கொண்டேதான் அந்த விதியை எழுதியிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே அவள் வீடு வீடாகப் போனாள். அப்பாவைப் போல் அவள் யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை. சொல்லாதீர்கள் என்று மட்டும் கேட்டாள். ரஜியா கூடப் போனாள். பழைய நடத்துனர்கள், குமாஸ்தாக்கள் என்று வேலை போனவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். எண்ணிப் பார்த்தால் ஊரில் பாதிக்கு மேல் அவர்கள்தான் இருந்தார்கள். இத்தனை பேரையும் அனுப்பிவைத்தது யார் என்று யோசித்தபோது ஊருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. தவசி வாத்தியார் சோணைமுத்து வீட்டு வாசலுக்கே வந்து நின்றார்.

"என்னமோ ஒரு வேகத்துல சொல்லிப்புட்டேம்மா. மனசுல வச்சுக்காத. இனி ஏழு நாளைக்கு எனக்கு வாயே கெடையாது" என்றார்.

அங்கயற்செல்வி அவருக்குக் காப்பி கொடுத்தாள். சோணைமுத்து எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார்.

மறுநாளே ஏழு நாள் நோன்பு தொடங்கியது. முதல் நாள், தானே சமைக்கும் அடுப்பு. பெண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வந்த செய்திதான் ஊரை உலுக்கியது. வாடிவாசலில் காளைக்குப் பதிலாக அவிழ்த்துவிட இயந்திரக் காளை வந்திருக்கிறதாம். குத்தினாலும் குடல் சரியாதாம். மதுரைச் சீமைக்காரனிடம் போய் இதைச் சொல்லிவிட்டு அவனைச் சும்மா இரு என்றால் எப்படி? ஆண்கள் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு தெருவில் முன்னும் பின்னுமாக நடந்தார்கள். ஒருவர் கண்மாய்க்குள் இறங்கித் தண்ணீருக்குள் தலையை விட்டுக் கத்திவிட்டு வந்தார். நண்பகல் வந்தது. 'பதிவான கருத்து ஏதுமில்லை' என்றது செவிமணி. ஊர் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதது. இப்படியே ஆறு நாள் கடந்துவிட்டது.

அங்கயற்செல்வியின் முகத்தில் களை திரும்பியிருந்தது. ஏழாம் நாள் விடிந்ததும் பாயசத்துக்குப் பால் வாங்கப் போனாள். சோணைமுத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுவருக்கு அப்பால் தவசி வாத்தியார் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

"இன்றைய செய்தி" என்றது செவிமணி. "ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை சலிக்காமல், அடிக்காமல் கற்பிக்கும் பாடப்பொறி வந்துள்ளது. மேலச்சுனைக்கு இது வரலாமா?"

வாத்தியார் கையிலிருந்த குழாய் நழுவியது. அவர் காதில் வேறென்ன சொல்லியிருக்கும் என்று சோணைமுத்துவுக்குத் தெரியும். 'உங்கள் கருத்து எடைபோடப்படாது.' வாத்தியார் திரும்பிப் பார்த்தார். பேச முடியாத அந்த மனிதர் கண்ணால் கெஞ்சினார்.

நியாயமாகப் பார்த்தால் பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். தன் மகள் ஒற்றைச் செருப்போடு நின்ற கோலம் நினைவுக்கு வந்து, இவரும் அப்படித்தானே என்று மனம் இளகியிருக்க வேண்டும். அவள் நின்ற கோலம் நினைவுக்கு வரத்தான் செய்தது, ஆனால் மனம் இளகவில்லை. வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று தித்திப்பாக மேலே ஏறியது. இப்பத் தெரியுதா? இப்ப எப்பிடி இருக்கு? ஆறு நாளாக அடக்கிவைத்திருந்த நாக்கு அவரைக் கேட்காமலே புரண்டது.

"வரட்டும்."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. உதடு மட்டும்தான் அசைந்தது போலிருந்தது.

"மிகத் தெளிவான கருத்து. எடைபோடப்பட்டது. நன்றி."

சோணைமுத்து நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். சொன்னதைத் திரும்பப் பெற முடியுமா என்று செவிமணியைத் தட்டித் தட்டிக் கேட்டார். 'அதற்கு வழியில்லை' என்றது அது. யாருக்குத் தெரியப்போகிறது, ஒரு சொல்தானே, கூட்டத்தில் ஒன்றாகக் கரைந்துபோகும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். அன்று கூட்டமே இல்லை என்பது சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது.

பதினொன்றரைக்கெல்லாம் ஊரே அவர் வீட்டு வாசலில் கூடிவிட்டது. ரஜியா டம்ளர்களை வரிசையாக அடுக்கினாள். அங்கயற்செல்வி பாயச அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள். தவசி வாத்தியாரும் வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றார்.

பன்னிரண்டு அடித்தது. எல்லார் காதிலும் ஒரே குரல்.

"மேலச்சுனையின் இன்றைய முடிவு. பதிவான கருத்து ஒன்று. பாடப்பொறி வரலாம் என்போர் நூற்றுக்கு நூறு. ஒரு மனதாக முடிவெடுத்த முதல் ஊர் மேலச்சுனை. உங்கள் ஒற்றுமைக்கு வாழ்த்துகள். முந்தைய முடிவுகள் அனைத்தும் தொடரும்."

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அங்கயற்செல்வி கரண்டியை அண்டாவுக்குள் விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

"யாருப்பா அது?" என்று கேட்டாள். குரல் அடங்கியிருந்தது. "கடைசி நாளுல யாருப்பா பேசுனது?"

"எவனோ ஒரு பொறாமை பிடிச்ச பய!" என்று எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினார் சோணைமுத்து. "இந்த ஊருல ஒருத்தன் நல்லாருந்தா இன்னொருத்தனுக்கு ஆகாதுத்தா. இவய்ங்களுக்கெல்லாம் பொறிதேன் சரி. என்னயக் கேட்டா..."

தவசி வாத்தியார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், படியில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு நடந்தார்.