மாரித் அக்காவின் மம்மு பேச்சு

“அப்படின்னா, அது சின்னப் பிள்ளைங்க பேச்சுன்னு உனக்கும் தெரியும்?”

ஷியோரி தன் சூப் கிண்ணத்தையே பார்த்தாள்.

“தெரியும், மாரித் அக்கா,” என்றாள் கடைசியில். “எல்லாருக்கும் தெரியும்.”

மாரித் ஜப்பானிய மொழி படிக்க நார்வேயிலிருந்து வந்தவள். ஷியோரியின் வீட்டு மாடியில் தங்கியிருந்தாள். பாடம் வகுப்பில்தான். ஆனால் பேசிப் பழகியது ஷியோரியின் மூன்று வயதுத் தம்பி ரியோவிடம். வீட்டில் அவன்தான் ஓயாமல் பேசுவான். அதனால் அவளும் சாப்பிடும்போது “எனக்கு மம்மு போதும்”, தூங்கப் போகும்போது “தாச்சிக்கப் போறேன்” என்றே பேசினாள்.

கேட்பவர்கள் எல்லாம், “ரொம்ப நல்லா பேசறீங்க” என்றார்கள். ஷியோரியும்தான். பள்ளியில் அதைத் தோழிகளுக்குப் பேசிக்காட்டிச் சிரிக்கவும் செய்தாள்.

இன்று வெந்நீரூற்று விடுதியில் மாரித்துக்கு நேர்காணல். அந்த வேலை கிடைத்தால்தான் வசந்தம் முடிந்த பிறகும் இங்கே தங்கிப் படிக்க முடியும்.

“வயசானவங்க வந்தா எப்படிக் கவனிப்பேன்னு கேட்டாங்க,” என்றாள் மாரித். “மம்மு குடுத்து தாச்சிக்க வைப்பேன்னு சொன்னேன். கேள்வி கேட்ட அம்மா கையால வாயை மூடிக்கிட்டாங்க. அப்புறம், ரொம்ப நல்லா பேசறீங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வர்ற வழியில, பஸ்ல ஒருத்தங்க கைக்குழந்தையை அப்படித்தான் கொஞ்சினாங்க. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது.”

ரியோ மட்டும் கலகலவென்று சிரித்தான். மாரித் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

“வீட்டுக்கு வந்தவங்ககிட்ட தப்பைச் சொல்லி முகம் சுண்ட வைக்கலாமா?” என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல்.

“இப்ப மட்டும் சுண்டலையாம்மா?”

அம்மா மாரித்தின் சூப்பை மூடி வைத்தாள்.

மறுநாள் மாரித் யாரிடமும் பேசவில்லை. எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். ரியோ கூப்பிட்டபோதும் அப்படியே.

ஷியோரிக்குப் பள்ளியில் மனம் ஒட்டவில்லை. மதியம் நூலகத்துக்குப் போய், நார்வே மொழியில் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று தேடிப் பிடித்தாள். வீடு வரும் வழியெல்லாம் அதையே முணுமுணுத்தாள்.

மாடிக் கதவு பாதி திறந்திருந்தது. ஷியோரி வாசலில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

“உன்னு சுக்கிருடோ,” என்றாள்.

மாரித் திரும்பினாள். ஷியோரியின் முகம் காது வரை சிவந்துவிட்டது. இன்னொரு முறை சொன்னாள். முன்னைவிட மோசமாக வந்தது.

மாரித்தின் உதட்டோரம் லேசாக அசைந்தது. “ரொம்ப நல்லா...” என்று தொடங்கினாள்.

“வேண்டாம் அக்கா,” என்றாள் ஷியோரி. “நல்லா சொல்றேன்னு சொல்லாதீங்க. எங்கே தப்புன்னு சொல்லுங்க.”