பீப்பாய்க்குள் பாட்டு

அக்டோபர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் அடேலாவும் அவள் கணவன் வெர்னரும் செயின்ட் லூயிஸிலிருந்து ஹெர்மன் என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தார்கள். திருவிழாக் கூட்டத்தில் தெரு அடைத்துக் கிடந்தது. அக்கார்டியன் சத்தமும் தொத்திறைச்சி பொரியும் வாசனையும் வெர்னர் குடும்பத்தின் ஒயின் கிடங்கு வாசல்வரை கூடவே வந்தன. கல்படிகளில் இறங்கியதும் இரண்டும் அற்றுப்போயின. கீழே ஈரக் கல்லின் குளிர். பழைய கந்தகத்தின் நெடி.

வெர்னரின் அண்ணன் ஓட்மர் கடைசிப் பீப்பாயின் முன்னால் நின்றிருந்தான். இரண்டு ஆள் உயரப் பீப்பாய். அதைக் கழுவ உள்ளே போன அவர்களுடைய அப்பா ஆல்வின் அங்கேயே செத்துப்போன பிறகு யாரும் அதைத் தொட்டதில்லை. இந்த வருடம் திராட்சை அளவுக்கு மீறி விளைந்துவிட்டது. வேறு பீப்பாய் காலியில்லை.

"என் தொப்பை இதுல நுழையாது," என்று அடியிலிருந்த சின்னத் திறப்பைக் காட்டினான் ஓட்மர். "நீதான் பட்டணத்துல பட்டினி கிடந்து இளைச்சிருக்கே."

"பொண்டாட்டி சமையல் அப்படி," என்றான் வெர்னர்.

அடேலா சிரிக்கவில்லை. "உங்கப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு மறந்துட்டீங்களா?"

"உள்ள கெட்ட காத்து தேங்கும். அதுக்குத்தானே பாட்டு," என்றான் ஓட்மர்.

உள்ளே இருப்பவன் விடாமல் பாட வேண்டும். பாட்டு நின்றால் வெளியே நிற்பவன் கயிற்றை இழுக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக அதுதான் வழக்கம்.

"அப்பா பாட்டு நின்ன உடனே இழுத்தேன்," என்றான் ஓட்மர், குரலைத் தாழ்த்தி. "ஆனா உடம்பு எப்பவோ சில்லிட்டுப் போயிருந்துச்சு. அதுதான் இன்னிவரைக்கும் எனக்குப் புரியல."

வெர்னர் மார்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே நெளிந்து போனான். பிரஷ் தேய்க்கும் சத்தம் கேட்டது. கூடவே அந்த வீட்டு அறுவடைப் பாட்டு, வழக்கம்போல் சுருதி தப்பி.

"நிறுத்துடா. ஒயின் புளிச்சிடும்."

"நிறுத்தினா இழுத்துடுவியே," என்று உள்ளிருந்து பதில் வந்தது.

ஓட்மர் சிரித்தான். பாட்டு தொடர்ந்தது.

சற்று நேரத்தில் பிரஷ் சத்தம் நின்றது.

பாட்டு நிற்கவில்லை.

அடேலா தேவாலயக் குழுவில் பாடுகிறவள். ஏதோ உறுத்தியது. சுருதி சரியாக இருந்தது. வெர்னருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூடச் சேராத சுருதி. மரத்தில் மோதி வருவதால் அப்படிக் கேட்கிறதோ? தன் காதைத் தானே நம்பாமல் பீப்பாயோடு ஒட்டி நின்று பாட்டை அடி அடியாகக் கேட்டாள்.

அடிகளுக்கு நடுவே மூச்சு இல்லை.

"இழுங்க," என்றாள்.

"பாடிக்கிட்டுதானே இருக்கான்."

"மூச்சே வாங்காம பாடுறாரு."

"பயந்துட்டே நீ. மேல போய் ஒரு காபி குடி."

தவறாக இருந்தால் கிறிஸ்துமஸ் விருந்து முழுக்க இதைச் சொல்லியே சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கயிற்றைப் பற்றி இழுத்தாள். மறுமுனை கல்லாய்க் கனத்தது. அவள் முகத்தைப் பார்த்த ஓட்மரும் ஓடிவந்து பிடித்தான்.

வெர்னரின் தலை வெளியே வந்தது. உதடுகள் நீலம். வாய் மூடியிருந்தது.

பாட்டு உள்ளே நடந்துகொண்டிருந்தது.

ஓட்மர் மண்டியிட்டுவிட்டான். "அப்பா குரல்," என்று முணுமுணுத்தான். "அன்னிக்கும் இதைத்தான் கேட்டுக்கிட்டு நின்னேனா?"

அடேலா கணவனின் மார்பை அழுத்தி அழுத்தி ஓய்ந்துபோகும் நேரத்தில் அவன் இருமினான். அதே கணம், பாதி அடியில், பாட்டு அறுந்தது.

முதல் சில அடிகளுக்குப் பிறகு எதுவும் நினைவில்லை என்றான் வெர்னர், மருத்துவமனையில். ஓட்மர் அந்தத் திறப்பைப் பலகை வைத்து அறைந்து மூடினான்.

பனிக்காலம் வந்தது. செயின்ட் லூயிஸ் வீட்டில், ஒரு ஞாயிறு காலை, வெர்னர் குளித்துக்கொண்டிருந்தான். அன்றைக்குப் பிறகு முதல்முறையாகப் பாடினான். அடுப்படியில் நின்ற அடேலா புன்னகைத்தாள்.

சுருதி சரியாக இருந்தது.

கையிலிருந்த தட்டை வைத்துவிட்டுக் குளியலறைக் கதவில் காதை ஒட்டினாள். தண்ணீர் கொட்டும் சத்தம். பாட்டு. அவன் மூச்சு வாங்கட்டும் என்று காத்திருந்தாள்.

ஓர் அடி முடிந்து அடுத்தது தொடங்கியது. அதுவும் முடிந்து அடுத்தது தொடங்கியது.

அடேலா கதவைத் தோளால் இடிக்கத் தொடங்கினாள்.