அமைதிக்கு ஒரு மாத்திரை

"ஐயோ... எந் தங்கச்சியக் கொன்னுட்டான்யா!"

அரிமளம் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது.

1963. சித்திரை வெயில்.

சப் இன்ஸ்பெக்டர் மலையாண்டி அந்த வீட்டுக்குள் நுழைந்தார். அடுப்படியில் கிடந்தாள் அமிர்தவல்லி. முப்பது வயதுகூட இல்லை. கடிபட்ட நாக்கு... வாயோரம் ரத்த நுரை... இறுகிப்போன விரல்கள்!

விஷமா?

அலறியவன் அவள் அண்ணன் சேவுகன். மூலையில் குறுகி உட்கார்ந்திருந்த அவள் புருஷன் ரத்தினவேலைக் கைகாட்டினான்.

"இவன்தாங்கய்யா! ரெண்டு வருசமா மாத்திரையாக் குடுத்தான். எந்நேரமும் அரைமயக்கம்... பேச்சுக் கொழறும். காலையில சொன்னது மத்தியானம் மறந்துபோகும்!"

"என்ன மாத்திரை?"

"பதட்டத்துக்குங்க," என்றான் ரத்தினவேல். "புள்ள ஊருணியில முழுகிப் போனதுலேருந்து நெஞ்சு படபடங்குதுன்னு அழுவா. டாக்டர் நாளைக்கு ஒண்ணுதான் எழுதினாரு. போகப்போக நாலு இல்லாம அடங்கல..."

"அதுவும் டாக்டர் சொன்னதா?"

"இல்லீங்க. கடையில கேட்டேன், குடுத்தாங்க."

மலையாண்டி விலங்கை எடுத்தார்.

ரத்தினவேல் மறுக்கவே இல்லை!

"என் கையாலதானே வாங்கிக் குடுத்தேன்... மாட்டுங்க."

அந்தக் குரல் மலையாண்டியை உறுத்தியது.

மறுநாள். பிரேதப் பரிசோதனை முடித்த டாக்டர் கை துடைத்தபடி வெளியே வந்தார். வாசலில் மலையாண்டி. பக்கத்தில் சேவுகன்.

"விஷம் இல்ல, மலையாண்டி. வலிப்பு! வயித்துல மாத்திரையே இல்ல."

"அப்புறம் எப்படி சார்...?"

"அந்த மாத்திரை மூளையை அடக்கி வைக்கும். பழகிட்டா அது இல்லாம மூளையால இருக்க முடியாது. கொஞ்சங் கொஞ்சமாத்தான் கொறைக்கணும். சட்டுனு நிறுத்தினா, அடங்கிக் கெடந்தது மொத்தமா வெறிபிடிச்சு எழும்பும். உயிரே போயிரும். யாரோ நிறுத்தியிருக்காங்க!"

சேவுகன் டாக்டர் முன்னால் வந்து நின்றான்.

"நாந்தான்..."

"என்னய்யா சொல்றே?"

"வெசம்னு நெனச்சு மூணு நாளைக்கு முந்தி அம்புட்டையும் கெணத்துல கொட்டுனேன். மாப்பிள்ளைகிட்டச் சொல்லக் கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்குனேன். 'அண்ணே, ஒண்ணாச்சும் குடுண்ணே'ன்னு கெஞ்சினா. கையெல்லாம் நடுங்குச்சு. 'பல்லக் கடிச்சுக்க ஆத்தா, சரியாப்போகும்'னு சொன்னேனே!"

அவன் இரண்டு கைகளையும் நீட்டினான்.

"என்னையக் கொண்டுபோங்கய்யா..."

மலையாண்டி தொப்பியைக் கழற்றினார்.

"பாசத்துக்குப் பீனல்கோடுல செக்‌ஷன் இல்லையேப்பா... இருந்தா, நாட்டுல ஜெயிலே பத்தாது!"