தொடுநாள் வரிசை

ஒவ்வொரு மாதமும் முதல் நாளன்று, உறங்கும் தன் கணவனை எழுப்பித் தருமாறு மனு அளித்துவிட்டுத்தான் பொற்கொடி பணிக்குச் செல்வாள். வெண்பாறைக் கோளில் குடியேறியிருந்த குடும்பங்களுக்கு அது வழக்கமான காரியம். சிலர் மனைவியை எழுப்பக் கேட்டனர், சிலர் தம்பியை, சிலர் மாமியாரைத் தவிர மற்ற அனைவரையும். மனுவில் நான்கு செய்திகள் வேண்டும்: உறங்குபவர் பெயர், பேழை எண், உறவு, காரணம். காரணம் என்னும் கட்டத்தில் பொற்கொடி முதல் ஆண்டில் முழுப் பக்கம் எழுதினாள். பின்னர் ஐந்து வரி. இப்போது, 'முன்பு கூறியதே'.

பூமியிலிருந்து நூற்று அறுபது ஆண்டுகள் பயணம் செய்து வந்த தாய்க்கலம் கோளைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பேழைகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இன்னும் உறைதுயிலில் இருந்தனர். உறைதுயிலில் உடல் மூப்படையாது. தரையிலோ உயிர்வளி ஆலைகள் குறைவு. ஆகவே மாதம் இருபது பேரை மட்டுமே எழுப்ப இயலும். யார் அந்த இருபதின்மர் என்பதைத் துயிலெழுப்பு வாரியம் முடிவு செய்தது. பொற்கொடியும் அவளுடைய நான்கு வயது மகளும் எழுப்பப்பட்டுப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கணவன் எழிலரசின் முறை வரவில்லை. உறங்கச் சென்ற நாளில் அவனுக்கு இருபத்தெட்டு வயது, அவளுக்கு இருபத்தேழு. இன்று அவனுக்கு இருபத்தெட்டு, அவளுக்கு நாற்பத்தொன்று.

உயிர்வளி ஆலையில் அவளுக்குப் பக்கத்து இருக்கையில் பணிபுரிந்த வடிவாம்பாள் இதைச் சொல்லிக் காட்டத் தவறுவதில்லை.

"இன்னும் பத்து வருஷம் போனா உன் வீட்டுக்காரருக்கு நீயே பொண்ணு பார்த்து வைக்கணும்டி."

சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். வடிவாம்பாளின் தங்கையும் மேலேதான் உறங்கினாள்; அவளும் மாதம் தவறாமல் மனு அளித்தாள். அதனால் அந்தக் கேலியைப் பொற்கொடி பொறுத்துக்கொண்டாள். ஆனால் வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்துக்கொள்வாள். ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது: எழுந்து வருபவன் தன்னைப் பார்த்ததும் இன்னார் என்று அறிந்துகொள்ள வேண்டும், அந்த அளவுக்காவது தன் முகம் மிஞ்சியிருக்க வேண்டும்.

மனுக்களுக்கு வாரியம் அளித்த மறுமொழி எப்போதும் ஒன்றே: 'தங்கள் மனு உரிய பதிவில் இணைக்கப்பட்டது.' வரிசையில் எத்தனையாவது இடம் என்று கேட்டால், அத்தகைய பட்டியல் எதுவும் வாரியத்திடம் இல்லை என்றார்கள். அது பொய்யன்று. ஒவ்வொரு மாதமும் திரையில் தோன்றும் முதல் இருபது பெயர்களே வாரியத்துக்குப் போதுமானவையாக இருந்தன. இருபத்தோராம் பெயர் எது என்று பார்க்கும் தேவை அங்கே எவருக்கும் ஏற்படவில்லை.

பட்டியல் இல்லை என்றால் தானே உருவாக்குவது என்று பொற்கொடி முடிவு செய்தாள். குடியேற்றச் சட்டத்தின்படி வாரியத்தின் பதிவுகள் அனைவருக்கும் பொது. ஒரு குடிமகனின் கணிப்பொறி வாரியத்தின் கணிப்பொறியிடம் நேரடியாகக் கேட்டுப் பெறுவதற்கு இணையத்தில் ஒரு பதிவுவாயிலும் திறந்து வைக்கப்பட்டிருந்தது. திறந்து வைத்தவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள்; அதன் வழியே நுழைந்தவர் எவருமில்லை. அதற்குரிய விதிமுறைகளை அவள் வரி வரியாகப் படித்தாள். திறவுச்சொல் ஒன்றைக் காட்ட வேண்டும். வாயில் ஒரு தடவைக்கு நூறு பதிவுகளை ஒரு பக்கமாகத் தரும். நிமிடத்துக்கு ஆறு தடவைக்கு மேல் கேட்டால் ஒரு மணி நேரம் மூடிக்கொள்ளும். ஓய்வு நாள்களில் அமர்ந்து அவள் எழுதிய நிரலுக்குப் 'பட்டியலி' என்று பெயரிட்டாள்.

முதல் தடவை இயக்கியபோது நூறு பெயர்கள் வந்தன. எழிலரசு இல்லை. பேழையிலேயே இறந்தவர்களின் பதிவுகள் நீக்கப்படும் என்பது அவளுக்குத் தெரியும். அவள் அந்த நூறு பெயர்களையும் மூன்று முறை படித்தாள். பிறகுதான் பக்கத்தின் அடியில், அடுத்த பக்கத்தைக் கேட்பதற்கான பக்கக்குறி ஒன்று பயன்படுத்தப்படாமல் நிற்பதைக் கண்டாள். அதை எடுத்து மீண்டும் வாயிலில் கொடுக்குமாறு நிரலைத் திருத்தினாள். முப்பத்திரண்டு பக்கங்கள் வந்தன. மொத்தம் மூவாயிரத்து நூற்று நாற்பது பதிவுகள். எழிலரசு மூவாயிரத்து எண்பத்தெட்டாம் இடத்தில் இருந்தான்.

பெயர், பேழை எண், மனுக்களின் எண்ணிக்கை, தொடுநாள் ஆகிய நான்கையும் நிரை நிரையாக அடுக்கிப் பார்த்தாள். தொடுநாள் என்பது ஒரு பதிவில் கடைசியாக ஏதேனும் சேர்க்கப்பட்ட நாள். பட்டியலின் உச்சியில் இருந்தவர்களுக்கு ஒரு மனுகூட இல்லை. அவர்களுக்காகக் கேட்க ஆள் இல்லை. கீழே வர வர மனுக்கள் பெருகின. அடியில் இருந்தவர்கள் அனைவரும் மாதந்தோறும் கேட்கப்பட்டவர்கள். அவள் திரையை அணைத்துவிட்டு வாரியத்துக்குப் புறப்பட்டாள்.

பதிவு அலுவலர் திருவேங்கடம் கண்ணியமான மனிதர். அவளை உட்காரச் சொன்னார். அவள் கேட்டதற்கு எதையும் மறைக்கவில்லை.

"தொடுநாள் பழசா இருக்கிற பதிவுதாம்மா முதல்ல வரும். யாரும் தொடாம தூசி படிஞ்சு கிடக்கிற கோப்புக்கு முன்னுரிமை கொடுக்கணும்னு அந்தக் காலத்துல நல்ல எண்ணத்துல வச்ச விதி."

"நான் மனு கொடுக்கக் கொடுக்க அவர் பின்னாலதான் போனாரா?"

"உங்க மனு வந்ததும் பதிவைத் திறந்து இணைக்கிறோம் இல்லையா? அப்போ அது கவனிக்கப்பட்ட பதிவு ஆயிடுது."

விதியை மாற்ற வழி என்ன என்று கேட்டாள். மனு அளிக்கலாம் என்றார். அந்த மனு எங்கே இணைக்கப்படும் என்று கேட்டாள். சற்றே சங்கடத்துடன், அவள் கணவனின் பதிவில்தான் என்றார்.

அடுத்த மாதம் முதல் நாளில் பொற்கொடி மனு அளிக்கவில்லை. எவரிடமும் எதுவும் சொல்லவும் இல்லை. மற்றவர்கள் வழக்கம்போல மனு அளித்துத் தத்தம் உறவினரைப் பின்னுக்குத் தள்ளினர். எழிலரசு ஒரே மாதத்தில் ஆயிரத்து எழுநூறு படிகள் ஏறினான். எட்டு மாதங்களில் நானூற்றுப் பன்னிரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டான். முதல் நாள்தோறும் வடிவாம்பாள் தங்கைக்கான மனுவுடன் புறப்படும்போது, தடுத்து நிறுத்த ஒரு சொல் போதும் என்பது பொற்கொடிக்குத் தெரியும். அவள் குனிந்து தன் அளவிகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

குடியிருப்பில் வேறு பேச்சு கிளம்பியது. பொற்கொடி மனுவை நிறுத்திவிட்டாள், யாரையோ பார்த்து வைத்திருக்கிறாள் என்றார்கள். அது கடைசியில் மகள் காதுக்கு எட்டியது. அமுதவல்லி சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, தட்டைத் தொடாமல் கேட்டாள்.

"அப்பா வேண்டாம்னு முடிவு பண்ணிட்டியாம்மா?"

பொற்கொடி பட்டியலியைத் திறந்து காட்டினாள். அமுதவல்லி மீதமிருந்த முப்பது பக்கங்களையும் பார்த்தாள். வடிவாம்பாள் பெரியம்மாவின் தங்கை இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதில் இருப்பதையும் பார்த்தாள். பதினெட்டு வயதுக்கு நியாய உணர்வு மிகுதி. மறுநாளே பட்டியலி எல்லாருடைய கணிப்பொறியிலும் இருந்தது.

வடிவாம்பாள் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு ஒரு நாள், "எட்டு மாசம் என் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தே," என்று மட்டும் சொன்னாள். அதற்குப்பின் கேலி செய்வதையும் விட்டுவிட்டாள்.

அடுத்த முதல் நாளில் வாரியத்தின் வாசலில் ஒருவர்கூட இல்லை. மனு அளித்தால் கடைசி இடம் என்பதை அறிந்தபின் எவர் அளிப்பார்? வரிசை அப்படியே உறைந்தது. மாதம் இருபது பேராக முன்னாலிருந்து கரைந்தது. கேட்க ஆளில்லாதவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து, வரவேற்க எவருமின்றி வாயிலில் நின்றனர். தங்களுக்கு வேண்டியவர்களின் எண்ணை மக்கள் நாள்தோறும் பட்டியலியில் பார்த்து, மனத்துக்குள் கழித்துக்கொண்டு, வாய் திறவாமல் காத்திருந்தனர். நோன்பு போல அதைக் கடைப்பிடித்தனர். அன்பு மிகுந்தவர்கள் அதிகக் கவனத்துடன் மறந்தவர்போல் நடித்தனர்.

மனு ஒன்றுமில்லாத ஆறாம் மாதத்தில் வாரியத்துக்கு நிர்வாகத் திறனுக்கான விருது கிடைத்தது. திருவேங்கடம் பொற்கொடியை அழைத்துப் பட்டியலியை வாரியத்தின் பயன்பாட்டுக்குத் தர இயலுமா என்று கேட்டார். எழுப்பும் பணியை விரைவுபடுத்தத்தான் என்று அவள் எண்ணினாள். பக்கக்குறி எவ்வாறு செயல்படுகிறது என்பதையும் பொறுமையாக விளக்கிக் கையொப்பமிட்டுக் கொடுத்தாள்.

மனுக்கள் நின்று பதினான்காம் மாதத்தில் அறிவிப்பு வந்தது. தாய்க்கலம் ஒரே கோளுக்காகக் கட்டப்பட்டதன்று. இங்கே தேவைப்படாதவர்களை ஏற்றிக்கொண்டு அடுத்த கோளுக்குச் செல்லவேண்டும் என்பது அதன் பயண விதி. தேவைப்படாதவர் யார் என்பதை முடிவு செய்ய வாரியம் பட்டியலியில் ஒரே ஒரு நிபந்தனையைச் சேர்த்திருந்தது: ஓராண்டாக எவரும் மனு அளிக்காத பதிவுகள். அவ்வளவு பேரும் அதில் வந்தார்கள். எழிலரசு அப்போது நூற்று முப்பத்திரண்டாம் இடத்தில் இருந்தான். இன்னும் ஏழே மாதங்கள்.

முற்றிலும் எவரும் தப்பவில்லை என்று கூறுவது துல்லியமாகாது. கால்நடைத் துறையின் நாற்பத்து மூன்று ஆடுகளும் அதே பதிவேட்டில்தான் இருந்தன. அவற்றை எழுப்பக் கோரி, துறையின் கணிப்பொறி மாதந்தோறும் தானாகவே மனு அனுப்பிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. அந்த நாற்பத்து மூன்றையும் தரையிறக்க வாரியம் ஆணையிட்டது.

வாரியத்தின் வாசலில் அன்று நிற்க இடமில்லை. பொற்கொடி மூன்று மணி நேரம் நின்று உள்ளே சென்றாள். நான்கு கட்டங்களையும் நிரப்பியிருந்தாள். காரணம் என்னும் கட்டத்தில் பின்பக்கம் வரை எழுதியிருந்தாள். திருவேங்கடம் அதை வாங்கிப் படித்தார், முழுவதும் படித்தார். தாய்க்கலத்தின் பதிவுகள் காலையிலேயே முடித்து மூடப்பட்டுவிட்டன என்றும், மூடிய பதிவில் எதையும் இணைக்கப் பதிவுவாயில் இடம் தராது என்றும் கூறினார். தாளைத் திருப்பி அவள் பக்கமாக நகர்த்தினார். அவர் குரலில் கடுமை சிறிதும் இல்லை; உண்மையிலேயே விளங்காத ஒன்றைக் கேட்பவரைப் போலக் கேட்டார்.

"இவ்வளவு வேணும்னு நினைச்சவங்க, இரண்டு வருஷமா ஒரு வார்த்தை கேக்கலையேம்மா?"