அந்த அறையில் அவள் நடிக்கவில்லை

"ரெண்டு நிமிஷம் உட்கார்ந்து பேசினா உங்க குடி முழுகிடுமா, டாக்டர்?"

கதவருகில் நின்றபடியே பேசிக்கொண்டிருந்த இளம் டாக்டர் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

புற்றுநோய் டாக்டர்களுக்கு நோயாளியிடம் பேசக் கற்றுத்தரும் வகுப்பு அது. நோயாளியாகவும் வீட்டாராகவும் நடிக்க நாடகக்காரர்களை அழைத்திருந்தார்கள். இன்று மகள் வேஷம் அவளுக்கு. நாடகக் குழுவில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். சத்தமில்லாமல் அழ வேண்டும் என்றுதான் சொல்லியிருந்தார்கள்... உள்ளே வந்த முகத்தைப் பார்த்தபின் அழுகை எங்கே வரும்?

போன மாதம், லிப்ட் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "கேன்சர்தான். கீழ பேரைப் பதிஞ்சிட்டுப் போங்க" என்று அவளுடைய அப்பாவிடம் சொன்னது இதே வாய். கதவு மூடிக்கொண்டது. மூட்டை சுமந்து காய்த்துப்போன அப்பாவின் தோள் அன்றைக்குத் தொங்கியது.

"மாட்டு டாக்டர்கூட மாட்டைத் தடவிக் கொடுத்துட்டுத்தான் ஊசி போடுவாரு. எங்கப்பா அதைவிடக் கேவலமா?"

அவன் கண்கள் கலங்கின. பெரிய, கறுத்த கண்கள்... அழகாக வேறு இருந்து தொலைத்தன. அதற்கும் சேர்த்து அவளுக்கு எரிந்தது.

பயிற்சியாளர் கைதட்டினார். அவனும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "பயந்தே போயிட்டேங்க. நல்லா நடிச்சீங்க."

"நடிச்சேனா? லிப்ட் வாசல்ல எங்கப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிட்டுப் போனீங்களே, ஞாபகம் இருக்கா? அவரு அப்புறம் உங்க ஆஸ்பத்திரிப் பக்கமே வரல. 'நின்னு பேச நேரமில்லாதவன் என்னை எங்க காப்பாத்தப் போறான்'னு மூட்டை தூக்கப் போயிட்டாரு!"

வெளியே வந்தாள். மழை கொட்டியது. பின்னாலேயே ஓடிவந்தான், குடைகூட இல்லாமல்.

"ஏங்க... நில்லுங்க!"

"எதுக்கு? மார்க் குறைஞ்சிடுமா?"

"அவரு எங்க இருக்காரு?"

"மன்னிப்பு கேட்கவா? ஒண்ணும் தேவையில்ல."

"என் மன்னிப்பைக் குப்பையில போடுங்க. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணினா அவரு பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்குங்க. அதைச் சொல்லாமலே போயிட்டேன்..." அவன் இமையில் தங்கியது மழையா, வேறா... அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

தகரக் கூரை போட்ட சரக்குக் கிடங்கு. மூட்டை மேல் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யாரு... லிப்ட்டா?"

அவன் சொட்டச் சொட்ட எதிரே அமர்ந்தான். "ஐயா..."

"அன்னைக்கு ஏன்யா ஓடினே?"

"நீங்க ஏதாவது கேட்டுடுவீங்களோன்னு பயந்துதான் ஓடினேன்."

"பொழைப்பேனான்னுதான் கேட்டிருப்பேன்."

தகரத்தில் மழை அடித்தது. இந்த முறை அவன் எழுந்து ஓடவில்லை.

"சத்தியம் பண்ண முடியாதுங்கய்யா. ஆபரேஷன் பண்ணினா வாய்ப்பு நிறைய. தள்ளிப்போட்டா குறைஞ்சுக்கிட்டே போகும்."

"வலிக்குமா?"

"வலிக்கும். மருந்து தருவோம். நானும் கூட இருப்பேன்."

"இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?" திட்டிக்கொண்டே அப்பா சட்டையை மாட்டினார். "பாப்பா, ஒரு ஆட்டோ பிடி."

ஆபரேஷன் முடிந்தது. கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள். அவன் தினமும் வார்டுக்கு வந்தான். அப்பா "வாப்பா லிப்ட்டு" என்பார். அவள் மட்டும் முகம் கொடுக்கவில்லை. ஒரு மன்னிப்பில் கரைகிற கோபமா அது? ஆனால் மாலையானால் கண் தானாக வாசலுக்குப் போனது... மூட்டை தூக்குகிறவர் மகளுக்கு டாக்டரா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒருநாள் அவன் வரவில்லை. மறுநாள் வந்ததும் வராததுமாக அவன் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்தாள்.

"நேத்து எங்க போனீங்க?"

"லீவு..."

"அப்பா தேடினாரு."

"அவருகிட்டதான் முன்னாடியே சொன்னேனே."

"நான்தான்யா தேடினேன்! போதுமா?"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அவன் காதுவரை சிவந்தான்.

"லீவு போட்டுட்டு, காலையில நீங்க வீட்டுக்கு வந்திருந்தப்போ உங்க தெருவுலதான் சுத்திக்கிட்டிருந்தேன்... உங்களைப் பிடிச்சிருக்குன்னு சொல்லிடலாம்னு. கதவைத் தட்டத்தான் தைரியம் வரல."

"தட்டியிருந்தா உதைச்சிருப்பேன்" என்றாள். பிடித்த கையை மட்டும் விடவில்லை.